மூன்று ஜோடி சைக்கிள் ஷூவும் ஒரு சுண்டுவிரலும்

திருவிடந்தைக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் ஒரு சவுக்குத் தோப்பு நிழலில், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு இடது கால் சுண்டுவிரலைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை பத்தரை மணி. கல்பாக்கம் போய்த் திரும்பும் வழி. திருவான்மியூர் வீட்டுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் போல இருந்தது. விரல் முதலில் எரிந்தது, அப்புறம் மரத்துப்போனது, இப்போது உயிர் திரும்பும்போது ஊசியாகக் குத்தியது. பக்கத்தில் மண்ணில் கிடந்த ஷூ, கார்பன் அடிப்பாகம் வைத்தது. கடையில் புதிதாக வாங்கினால் பதினாறாயிரம் ரூபாய். நான் பழையதாக ஏழாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியிருந்தேன். மீதி தூரத்தை அதன் பிடியை முழுக்கத் தளர்த்திவிட்டு, குதிகால் லொடலொடவென்று ஆட ஆட மிதித்து வந்து சேர்ந்தேன்.

அது என் இரண்டாவது ஜோடி. முதலாவதும் சரிப்படவில்லை. மூன்றாவதைத்தான் ஒன்றரை வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சைக்கிள் ஷூ வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு ரூபாயில வாங்கலாம்?" என்றுதான். நானும் அந்தக் கேள்வியோடுதான் கடைக்குப் போனேன். காலை அளக்காமல் விலையை மட்டும் கேட்டதற்கு எனக்கு எவ்வளவு செலவானது என்பதைக் கீழே கணக்கோடு எழுதியிருக்கிறேன்.

முதலில், சைக்கிள் ஓட்டத் தனி ஷூ வேண்டுமா? என் அப்பா இருபது வருடத்துக்கும் மேல் ஹவாய் செருப்போடு சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவர். ஊரில் பால்காரரும் தபால்காரரும் என்ன கார்பன் ஷூவா போட்டார்கள்? நானே முதல் இரண்டு வருடம் சாதாரண ஓட்டப்பயிற்சி ஷூவோடுதான் மகாபலிபுரம் போய் வந்தேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், சாதாரண ஷூவோடு தட்டைப் பெடலை மிதித்தாலும், பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் என்ற துண்டை அடியில் மாட்டிய ஷூவோடு மிதித்தாலும், நிதானமான வேகத்தில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். "காலை மேலே இழுக்கும்போதும் சக்தி கிடைக்கும்" என்று கடையில் சொல்வதை அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சீராக மிதிக்கும்போது பெரும்பாலும் யாரும் அப்படி இழுப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், இருபது முப்பது கிலோமீட்டர் என்றால் இருக்கும் ஷூவே போதும். கால் வழுக்காமல் பிடிக்கச் சின்னச் சின்ன முள் வைத்த நல்ல தட்டைப் பெடல் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எனக்குத் தேவை வந்தது வேறு காரணத்துக்காக. ஓட்டப்பயிற்சி ஷூவின் அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். பெடல் அதில் ஒரே இடத்தில் அழுந்தும். ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் பாதத்தின் நடுவில், பெடல் விளிம்பு படும் கோட்டில், ஒரு கடுப்பு தொடங்கும். மழை நாளில் கால் வழுக்கி, பெடல் சுழன்று வந்து கெண்டைக்காலில் அடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பிரெவே என்று, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் உண்டு. அதில் 200 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தபோது, பதின்மூன்றரை மணி நேர வரம்புக்குள் முடிக்க வேண்டுமே, இந்தக் கடுப்போடு எப்படி என்று யோசித்துத்தான் ஷூ தேட ஆரம்பித்தேன்.

முதல் ஜோடி: டீக்கடையில் சறுக்கியது

சைக்கிள் ஷூவில் இரண்டு சாதி உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. அடியில் மூன்று துளை இருந்தால் அது ரோடு பைக் வகை. பெரிய முக்கோண பிளாஸ்டிக் கிளீட் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு துளை இருந்தால் எஸ்பிடி வகை. சின்ன இரும்புக் கிளீட், ரப்பர் கட்டைகளுக்கு நடுவே பள்ளத்தில் பதுங்கியிருக்கும். முதல் வகை பிரான்ஸின் லுக் கம்பெனி 1984-ல் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். இரண்டாவது வகையை ஷிமானோ கம்பெனி 1990-ல் மலைச் சைக்கிளுக்காகச் செய்தது. மலையில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிவரும் அல்லவா, அதற்காகக் கிளீட்டை உள்ளே ஒளித்தார்கள். இதிலேயே ஒரு வேடிக்கை: பெடலோடு ஷூவைப் பூட்டும் இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலீஷ் பெயர் 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது. பழைய காலத்துப் பெடலில் கால் விரலைப் பிடிக்க இருந்த கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர்; அது இல்லை என்பதால் வந்த பெயர். புதிதாக வருகிறவர்கள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என்னிடம் இருப்பது ரோடு பைக், ஆகவே ரோடு ஷூ என்று முடிவு செய்து, இணையத்தில் 4,200 ரூபாய்க்கு மூன்று துளை ஷூவும் 3,400-க்குப் பெடலும் வாங்கினேன். நைலான் அடிப்பாகம், மூன்று வெல்க்ரோ பட்டை. போட்டுக்கொண்டு கிளம்பிய முதல் நாளே எஸ்ஆர்பி டூல்ஸ் சிக்னலில், வண்டி நின்றபின் காலைக் கழற்ற மறந்து, வெட்டிய வாழை மாதிரி இடது பக்கம் சாய்ந்தேன். விடிகாலை ஐந்து மணி. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், நின்னுகினே வுழுந்துட்ட?" என்றார். இந்த விழுகை எல்லோருக்கும் ஒருமுறை உண்டு. அதற்கு ஷூவைக் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையான தொல்லை கோவளத்து டீக்கடையில் தெரிந்தது. கழுவி விட்ட டைல்ஸ் தரை. பிளாஸ்டிக் கிளீட்டோடு மூன்று அடி வைத்தேன், நாலாவது அடியில் சறுக்கி, கையிலிருந்த டீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேட்டியில். அப்புறம் வாரா வாரம் இதே கதை. வாத்து நடை நடக்க வேண்டும். தார் ரோட்டில் நடந்தால் கிளீட் தேயும். நாலே மாதத்தில் மஞ்சள் முனைகள் மழுங்கிவிட்டன. ஒருநாள் டியூப் வெடித்து மாற்று டியூபும் இல்லாமல் உத்தண்டியில் இரண்டு கிலோமீட்டர் நடந்ததில், வெறுங்காலே மேல் என்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "நடக்க முடியாத செருப்ப எதுக்குடா வாங்கின?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ரேஸ் ஓட்டுகிறவருக்கு உண்டு: அவர் கிளம்பும் இடத்தில் மாட்டுகிறார், முடியும் இடத்தில் கழற்றுகிறார். நான் நடுவில் மூன்று தடவை டீ குடிக்கிறவன்.

போதாக்குறைக்குச் சுண்டுவிரல் எரிச்சலும் அப்போதே லேசாகத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது ஜோடி: விலையை ஏற்றிப் பார்த்தது

இங்கேதான் பெரிய தப்பு செய்தேன். விலை குறைந்த ஷூ என்பதால்தான் விரல் எரிகிறது, நல்ல ஷூவாக இருந்தால் எரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்ட நண்பர் ஒருவருக்குத் தெரிந்தவர், பெட்டியில் மூன்று வருடமாகக் கிடந்த கார்பன் ஷூவை விற்கிறார் என்று தெரிந்ததும் போய்ப் பார்த்தேன். குமிழைத் திருகினால் மெல்லிய எஃகுக் கம்பி இழுத்து இறுக்கும் போவா பூட்டு. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருந்தது. சைஸ் 43. என் கால் 42, ஆனால் 43 என்றால் கொஞ்சம் தாராளமாக இருக்கும், அகலப் பிரச்சினையும் தீரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு ஏன் பொய்த்தது என்று பிற்பாடு புரிந்தது. ஷூவின் ஒரு யூரோ சைஸ் ஏறினால் நீளம் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர் கூடும். அகலமோ அதில் கொஞ்சம்தான் கூடும். ஆகவே விரல் நுனிக்கு முன்னால் காலி இடம், பக்கவாட்டில் அதே நெருக்கம். அதைவிட மோசம், பெரிய ஷூவில் குதிகால் பின்னால் நிற்க, கிளீட் மாட்டும் துளைகள் இன்னும் முன்னால் போய்விடுகின்றன. கிளீட் விரல்கள் பக்கம் நகர்ந்தால் மிதிக்கும் பாரம் எல்லாம் பாதத்தின் முன் எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பின் மேல் விழும். பக்கவாட்டில் ஷூ இறுக்க, கீழிருந்து பெடல் அழுத்த, விரல் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? வெயில் வேறு. சென்னையில் ஏப்ரல் மாதம் காலை ஒன்பது மணிக்கு மேல் பாதம் வீங்குவதை சாக்ஸ் கோடு பதிந்த தடத்திலேயே பார்க்கலாம்.

நைலானாக இருந்தால் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். கார்பன் அடிப்பாகம் கொடுக்காது. அதன் பெருமையே அதுதானே. குறுகிய காலுக்குச் செய்த பலகையில் அகலக் காலை வைத்து இறுக்கினால், பலகை எவ்வளவு உயர்ந்த பொருளால் ஆனது என்பதால் விரலுக்கு ஒரு நன்மையும் இல்லை. திருவிடந்தை சவுக்குத் தோப்பில் உட்கார்ந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

அந்த ஷூவுக்கு வேறொரு விதியும் காத்திருந்தது. பெட்டியில் வருடக்கணக்காகக் கிடந்ததாலோ நம் கடற்கரை ஈரத்தாலோ, முன் நுனியில் ரப்பர் துண்டும் மேல்தோலும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய் வாய் பிளந்தது. பேருந்து நிலையத்துக்கு வெளியே குடை போட்டு உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் எடுத்துப் போனேன்.

அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்பனை நகத்தால் சுண்டினார்.

"இதுல ஊசி ஏறாது தம்பி. தைக்க முடியாது, ஒட்டத்தான் முடியும்."

"ஒட்டினா நிக்குமாண்ணே?"

"பழைய பசைய சுரண்டிட்டு ஒட்டினா நிக்கும். அது மேலேயே தடவினா நாலு நாள்."

உப்புத்தாள் வைத்து இரண்டு பக்கமும் பழைய பசை போகிற வரை தேய்த்தார். துடைத்தார். சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிதாகத் தடவி, சேர்க்காமல் அப்படியே வைத்தார். நான் அவசரப்பட்டு, "இப்ப அழுத்திடலாமா?" என்றதற்குப் பதிலே சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து விரல் முட்டியால் தொட்டுப் பார்த்தார், ஒட்டாமல் விலகியது. அப்போதுதான் சேர்த்து, இரும்புக் காலில் மாட்டி, சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டினார். எண்பது ரூபாய். ஒருநாள் முழுக்கப் போடாதே என்றார். அந்த ஒட்டு இன்றுவரை விடவில்லை. இப்போது அந்த ஷூ இன்னொருவர் காலில் இருக்கிறது. ஒல்லிப் பாதம் கொண்ட ஓர் அலுவலக நண்பர் ஐயாயிரத்துக்கு வாங்கிக்கொண்டார். ஒட்டு வேலையைச் சொல்லித்தான் கொடுத்தேன். அவருக்கு அது அருமையாகப் பொருந்துகிறது, விரல் எரிவதே இல்லையாம். ஷூ நல்ல ஷூதான், கால்தான் வேறு.

காகிதத்தில் கால்

மூன்றாவதை வாங்குமுன் ஒரு வேலை செய்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. செலவு ஒரு ஏ4 தாள்.

சாயங்காலம், ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு, சுவரில் குதிகால் ஒட்ட நின்றேன். பாரம் முழுக்க அந்தக் காலில் இருக்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் அகலம் குறைத்துக் காட்டும். பென்சிலை நட்டுக்குத்தாகப் பிடித்துப் பையனை வரையச் சொன்னேன். அவன் கிச்சுக்கிச்சு மூட்டியதில் முதல் தாள் வீண். இரண்டாவது தாளில் வந்தது: வலது கால் நீளம் 26.1 சென்டிமீட்டர், இடது 26.4. அகலமான இடத்தில் வலது 10.5, இடது 10.8. இடது கால்தான் பெரிது, எரிந்ததும் அதுதான்.

பெரும்பாலான சைக்கிள் ஷூ கம்பெனிகள் பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் போட்டு அட்டவணை தருகின்றன. ஷிமானோ கணக்கில் 26.5 என்றால் 42, 27.2 என்றால் 43. ஆக நான் 42-தான். எனக்கு வேண்டியது பெரிய சைஸ் இல்லை, அகல அளவு.

அப்புறம் இரண்டாவது ஜோடிக்குள் பாதத்தின் அடியில் கிடக்கும் மெத்தை அட்டையை, அதாவது இன்சோலை, வெளியே உருவி, தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்றேன். சுண்டுவிரல் முழுக்க இன்சோலுக்கு வெளியே, தரையில் கிடந்தது. ஷூவுக்குள் அந்த விரல் எங்கே போயிருக்கும்? மோதிர விரலின் அடியில் மடங்கித்தான். இந்த ஒரே சோதனை போதும். கடையில் ஷூவைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே இன்சோலை உருவி அதன்மேல் நின்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

நம்மில் பலருக்கு இந்த அகலம் இருக்கக் காரணம் உண்டு. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால்கள். பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் பாதங்களை அளந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் பாதம் அகலமாகவும், மிதிக்கும் பாரம் பாதம் முழுக்கப் பரவலாகவும் இருந்ததையும், மேற்கத்தியர் பாதங்கள் அதோடு ஒப்பிட்டால் மெலிந்திருந்ததையும் காட்டினார்கள். சைக்கிள் ஷூவின் அச்சோ பெரும்பாலும் அந்த மெலிந்த பாதத்துக்குச் செய்தது. ஷிமானோ, லேக் போன்ற சில கம்பெனிகள் மட்டும் சில மாடல்களில் அகல அளவு என்று தனியாகச் செய்கின்றன. நம் ஊர்க் கடைகளில் அது அலமாரியில் இருக்காது. கேட்டு வரவழைக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

மூன்றாவது ஜோடியும் பணக் கணக்கும்

வாங்கியது: இரண்டு துளை வகை, 42 அகல அளவு, நாரிழை கலந்த நைலான் அடிப்பாகம், ஒரு குமிழும் ஒரு வெல்க்ரோவும். 8,400 ரூபாய். ஷிமானோ எம்520 பெடல் 2,600.

மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன். மூன்று ஜோடியும் இரண்டு பெடலுமாக 26,100 போட்டிருக்கிறேன். கார்பன் ஷூ விற்றதில் ஐயாயிரம், பழைய பெடல் விற்றதில் ஆயிரத்து ஐந்நூறு திரும்பி வந்தது. முதல் ஜோடியைச் சும்மா கொடுத்துவிட்டேன். ஆகக் கையை விட்டுப் போனது 19,600. நேராக இதையே வாங்கியிருந்தால் பதினோராயிரத்தில் முடிந்திருக்கும். 8,600 ரூபாய் படிப்புச் செலவு. அதில் இன்னொரு ஜோடி வந்திருக்கும்.

விலையைப் பார்த்து மலைப்பவர்களுக்கு நான் வேறு கணக்கு சொல்வேன். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓட்டுகிறேன். வருடம் நானூறு மணி. இந்த ஷூ மூன்று வருடம் உழைத்தால் ஆயிரத்து இருநூறு மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய். வழியில் குடிக்கும் டீயைவிடக் குறைவு. இந்தக் கணக்கில் பதினாறாயிரம் ஷூவும் மணிக்குப் பதின்மூன்று சொச்சம்தான், அதுவும் ஒன்றும் அநியாயம் இல்லை. அதனால் பணம் கூடக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கூடக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் எதை வாங்கித் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில், ஐயாயிரத்துக்குள் கிடைப்பது வளையாத அடிப்பாகமும் வெல்க்ரோவும். பாதம் குறுகலாக, நேராக இருப்பவருக்கு அதற்குமேல் ஒன்றுமே வேண்டாம். அவர் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆறிலிருந்து ஒன்பதாயிரத்துக்குள் வரும்போதுதான் அச்சு நன்றாகிறது, அரை சைஸும் அகல அளவும் கிடைக்கத் தொடங்குகின்றன, குதிகால் கிண்ணம் உறுதியாகிறது. என் பணம் முழுக்க இங்கே போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அதற்கு மேலே கார்பன், எடைக் குறைவு. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: கார்பன் ஜோடி 560 கிராம், இது 740. வித்தியாசம் 180 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீரை நான் பாட்டிலில் ஏற்றிக்கொண்டு போவேனே தவிர, அதைக் காலில் குறைக்கப் பத்தாயிரம் கொடுக்க மாட்டேன். ரேஸில் கடைசி இருநூறு மீட்டர் எழுந்து நின்று மிதிப்பவர்கள் கொடுக்கட்டும், அவர்களுக்கு நியாயம் உண்டு.

குமிழா, வெல்க்ரோவா, கயிறா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தளர்த்த முடிய வேண்டும், அவ்வளவுதான். எட்டு மணிக்குப் பாதம் வீங்கும்போது இரண்டு கிளிக் தளர்த்துவேன். கயிறு வைத்த ஷூவில் இதற்கு நிறுத்தி இறங்க வேண்டும்.

கிளீட் மாட்டியது

ஷூ சரியாக அமைந்தாலும் கிளீட் தப்பான இடத்தில் இருந்தால் முழங்கால் பேசும். ஒரு ஞாயிறு மதியம் முழுக்க இதற்கே போனது.

ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலின் அடியில் பக்கவாட்டில் துருத்தும் எலும்பை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தித் தேடினேன். கிடைத்த இடத்தில் ஒட்டுக் காகிதம் ஒட்டிப் பேனாவால் கோடு. மறுபக்கம் சுண்டுவிரல் அடி எலும்புக்கும் அப்படியே. அது இன்னும் பின்னால் இருக்கும். கழற்றி, இரண்டு கோட்டையும் அடிப்பாகத்தில் நீட்டி வரைந்து, கிளீட்டின் நடுவை இரண்டுக்கும் இடையில் வைத்தேன். பின்பக்கக் கோட்டை ஒட்டியே வைத்தேன். நீண்ட தூரத்துக்கும் மரத்துப்போகும் விரலுக்கும் கிளீட் பின்னால் இருப்பதுதான் நல்லது.

கோணத்துக்கு ஒரு சுலப வழி: உயரமான மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால், பாதம் தானாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதுதான் உங்கள் கோணம். என் இடது பாதம் நன்றாகவே வெளிப்பக்கம் பார்க்கிறது. முதலில் நான் இரண்டையும் அழகாக நேராக மாட்டியதில், ஐந்து கிலோமீட்டர் சோதனை ஓட்டத்திலேயே இடது முழங்காலின் வெளிப்பக்கம் இழுத்தது. சாலையோரம் நிறுத்தி, 4 மில்லிமீட்டர் எல்-கீயால் தளர்த்தி, ஒரு துளி திருப்பினேன். மறுபடி ஓட்டம், மறுபடி ஒரு துளி. நான்காவது தடவை சரியாக அமர்ந்தது. அப்புறம்தான் முழு இறுக்கு. 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்பார்கள்; இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத நான் எல்-கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து, விரல் வலிக்கிற வரை திருகினேன்.

பெடலின் பிடியை 3 மில்லிமீட்டர் கீயால் இருப்பதிலேயே தளர்வாக வைத்தேன், எஸ்ஆர்பி டூல்ஸ் ஞாபகத்தில். பயம் அதிகமுள்ளவர்களுக்கு எஸ்எச்56 என்று வெள்ளி நிறக் கிளீட் தனியாகக் கிடைக்கிறது. குதிகாலை வெளியே திருப்பினால்தான் என்றில்லாமல், மேலே வெட்டி இழுத்தாலும் கழன்றுகொள்ளும். பெடலோடு வரும் எஸ்எச்51-ஐ இரண்டு வாரத்தில் கால் பழகிவிடும் என்பதால் நான் மாற்றவில்லை.

மூன்றாவது வாரம் 120 கிலோமீட்டர் ஓட்டினேன். சுண்டுவிரல் இருப்பதே நினைவில்லை. கோவளம் டீக்கடையில் சாதாரணமாக நடந்து போய் டீ வாங்கி, நடந்து வந்து உட்கார்ந்தேன். கடைக்காரர் கவனித்தாரா தெரியவில்லை, நான் கவனித்தேன்.

துருவும் உப்பும்

எட்டு மாதம் கழித்துக் கிளீட் தேய்ந்து, கால் பெடலில் சும்மா நழுவ ஆரம்பித்தது. மாற்றலாம் என்று ஷூவைக் கவிழ்த்தால், போல்ட் தலைப் பள்ளம் முழுக்க மண்ணும் பொடிக் கல்லும் அடைத்துக் கெட்டியாகியிருந்தன. நான் அதைத் தோண்டாமல் கீயைச் செருகித் திருகினேன். கீ அரைகுறையாக இறங்கி வழுக்கியது, ஒரு போல்டின் தலை வட்டமாகிவிட்டது. வியர்வையும் கடல் உப்பும் சேர்ந்து இரும்பை இரும்போடு பிடித்துக்கொண்டிருந்தன. மாட்டும்போது கிரீஸ் வைக்காத பாவம்.

சரி, ஊசியால் நான்கு பள்ளத்தையும் தோண்டிச் சுத்தம் செய்தேன். டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில் கீயைச் செருகிச் சுத்தியலால் தட்டி ஆழமாக இறக்கித் திருகியதில் மூன்று கழன்றன. வட்டமானதற்கு பாரிமுனை ரத்தன் பஜார் போய் டி25 ஸ்டார் பிட் ஒன்று வாங்கி வந்தேன். அளவில் அது துளைக்கு ஒரு மயிரிழை பெரிது, அதுதான் வேண்டும். சுத்தியலால் மூன்று அடி, ஆறு முனையும் வட்டத்தைக் கடித்துக்கொண்டன. பிட்டின் பின்பக்கத்தை ஸ்பேனரால் பிடித்து மெதுவாகத் திருப்ப, 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். கழன்றிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நனைந்த ஷூவை மொட்டை மாடியில் வெயிலில் காய வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம். பசை இளகும். இன்சோலை உருவி, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குத் தயார்.

போன வாரம் இரண்டாவது தடவை கிளீட் மாற்றினேன். ஊசியால் பள்ளத்தைத் தோண்டினேன், கீயை முழுக்க இறக்கினேன். இந்தத் தடவை போல்டில் கிரீஸ் இருந்தது. நான்கும் ஐந்து நிமிடத்தில் கழன்று தாளில் வரிசையாக உட்கார்ந்தன. பழைய கிளீட்டைச் சுற்றி முன்பே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்ததால், புதியதை அந்தக் கோட்டுக்குள் வைத்து இறுக்கிவிட்டு, ஷூவைக் கதவோரம் வைத்தேன். காலையில் நாலரைக்கு அலாரம்.